ஊர்தியின் வெம்மை

வெம்மை இல்லையேல் உலகில் இயக்கம் இல்லை. கதிரவனின் வெம்மையால் கடல்நீர் முகிலாகின்றது; அடுப்பின் வெம்மையால் அரிசி சோறாகின்றது; உடலின் வெம்மையால் உயிர் நிலைக்கின்றது. ஆயினும் எவ்வெம்மையும் அளவோடு நின்றால்தான் ஆக்கம் தரும். உலையில் நீர் வற்றினால் சோறு கரிகின்றது. உடலில் வெம்மை மிகுந்தால் காய்ச்சல் காண்கின்றது. சாலையில் விரைந்து ஓடும் மோட்டார் காரும் இவ்விதிக்கு விலக்கன்று. அதனை ஓட்டுவதும் வெம்மையே. அதனைக் கெடுப்பதும் வெம்மையே. அவ்வெம்மையை அளவில் நிறுத்தும் உறுப்புகள் சில காரினுள் உண்டு. அவை கண்ணுக்கு எளிதில் தோன்றுவதில்லை. பழுதுற்ற பின்னரே அவற்றின் அருமை விளங்கும். அத்தகைய உறுப்புகளைத் தம் வீட்டு முற்றத்திலேயே மாற்றி அமைத்த முதியவர் ஒருவரையும் அவர்தம் பேத்தியையும் இங்குக் காண்போம்.

அம்முதியவர் சேலம் நகரத்தவர். நில அளவைத் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவரிடம் 1982-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட அம்பாசிடர் கார் ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் உருவான மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் காரின் மூன்றாம் வரிசையை அடியொற்றி, மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் அம்பாசிடரைச் செய்தனர். 1950-களின் இறுதியில் தொடங்கிய அப்பணி 2014-ஆம் ஆண்டில் நின்றது. அமைச்சர்கள் ஏறிய காரும் அதுவே. புகைவண்டி நிலையத்தில் வாடகைக்கு நின்ற காரும் அதுவே. உருண்டு திரண்ட முகமும், அகன்ற இருக்கையும், எளிய எஞ்சினும் அதன் அடையாளங்கள். பானட்டைத் திறந்தால் உறுப்புகள் நெருக்கமின்றி நிற்கும். கை நுழைக்க இடம் இருக்கும். எந்த உறுப்பு எதனோடு இணைந்துள்ளது என்பதைக் கண்ணாலேயே தொடர்ந்து காணலாம். கற்க விரும்புவோர்க்கு அது திறந்து வைத்த ஏடு போன்றது.

முதியவர் நேர்மையிற் சிறந்தவர். ஆயின் சினத்தில் விரைந்தவர். அவர் குரல் உயர்ந்தால் தெருக்கோடி வரை கேட்கும் என்பர். பதினோராம் வகுப்பில் பயின்ற அவர் பேத்தி அவரிடம் அன்பு மிக உடையவள். அச்சமும் சற்று உடையவள்.

ஒரு கோடை விடுமுறையில் அக்குடும்பத்தார் ஏற்காட்டுக்குப் புறப்பட்டனர். சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கார் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறியது. பாதி வளைவுகளைக் கடந்தபோது, ஓட்டுநர் முன் உள்ள வெப்பம் காட்டும் முள் மெல்ல மெல்ல உயர்ந்து மேல் எல்லையைத் தொட்டது. பானட்டின் இடுக்குகளிலிருந்து வெண்ணிற ஆவி எழுந்தது. முதியவர் காரை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துப் பானட்டைத் திறந்தார்.

அப்பொழுது அவருடைய பேரன், பன்னிரண்டு வயதுச் சிறுவன், ஒரு துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டரின் மூடியைத் திறக்க ஓடினான். உதவி செய்யும் ஆர்வமே அவனுக்கு. "தொடாதே!" என்று முதியவர் இடியென முழங்கி, அவன் தோளைப் பற்றிப் பின்னே இழுத்தார். சிறுவன் திகைத்து அழுதுவிட்டான். உடனே முதியவர் தம் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். மணிக்கட்டு முதல் முழங்கை வரை தோல் சுருங்கிப் பளபளத்த பழைய வடு ஒன்று அங்கே இருந்தது.

"என் இருபத்தாறாம் வயதில் அளவைப் பணிக்குச் சென்ற இடத்தில் ஜீப்பு இப்படித்தான் நின்றது. நானும் உன்னைப் போலவே ஓடினேன். மூன்று வாரம் படுக்கையில் கிடந்தேன். நான் கத்தியதை மறந்துவிடு; இதை மட்டும் மறவாதே" என்றார்.

மூடியைத் திறப்பதில் அத்துணைத் தீங்கு ஏன்? காரின் ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று. அதனுள் வலிய சுருள்வில் ஒன்று உள்ளது. அது நீரை அழுத்தத்தில் வைத்திருக்கின்றது. கடல் மட்டத்தில் திறந்த பாத்திரத்தில் உள்ள நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். காற்று மண்டல அழுத்தத்தோடு மேலும் அரைப்பங்கு அழுத்தம் சேர்ந்தால், ஏறத்தாழ 111 பாகை வரை கொதியாது நிற்கும். அவ்வாறு நின்ற நீரின்மேல் உள்ள அழுத்தத்தை ஒருவன் திடீரென நீக்கினால் என்னாகும்? நீர் அக்கணமே பொங்கி, ஆவியும் கொதிநீருமாகப் பீறிட்டு எழும். துண்டு அதனைத் தடுக்காது. நனைந்த துண்டு கையோடு ஒட்டிக்கொண்டு சுடும். மலை மீதோ இடர் மிகுதி. உயரம் கூடக்கூடக் காற்றின் அழுத்தம் குறையும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் திறந்த பாத்திரத்து நீர் 95 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கும். ஆதலின் எஞ்சின் முற்றும் ஆறும் வரை மூடியைத் தொடாதிருப்பதே முதல் விதி. சுடும் எஞ்சினுக்குள் குளிர்ந்த நீரைச் சட்டென ஊற்றாதிருப்பது இரண்டாம் விதி. ஊற்றினால் வார்ப்பிரும்பு திடீரெனச் சுருங்கி வெடிக்கக் கூடும்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர்கள் மர நிழலில் காத்திருந்தனர். அக்காத்திருப்பு வீண் போகவில்லை. முதியவர் தாம் படித்தறிந்த செய்தி ஒன்றைச் சொன்னார். 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஜெர்மனி நாட்டில், பெர்த்தா பென்ஸ் என்னும் பெண்மணி தம் கணவர் கார்ல் பென்ஸ் அமைத்த மூன்று சக்கர மோட்டார் ஊர்தியில், தம் மைந்தர் இருவருடன் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்குப் புறப்பட்டார். வழி 100 கிலோமீட்டருக்கு மேல். அதற்கு முன் அவ்வளவு தொலைவு எவரும் மோட்டார் ஊர்தியிற் சென்றதில்லை. அந்த ஊர்தியில் இக்காலத்து ரேடியேட்டர் இல்லை. எஞ்சினைச் சூழ்ந்த நீர் கொதித்து ஆவியாகிப் போய்விடும். ஆதலின் நீர் கிடைத்த இடங்களில் எல்லாம் முகந்து முகந்து ஊற்றிக்கொண்டே அவர் சென்றார். எரிபொருள் செல்லும் குழாய் அடைத்துக்கொண்டபோது தம் தொப்பியில் குத்தியிருந்த ஊசியால் அவ்வடைப்பை நீக்கினார். பின்னர், 1901-ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் காருக்கு வில்ஹெல்ம் மேபாக் என்னும் பொறியாளர் தேனடை போன்ற ரேடியேட்டரை அமைத்தார். காற்றுப் புகுந்து செல்ல அதில் 8,000-க்கு மேற்பட்ட சிறு குழாய்கள் இருந்தன. அன்று முதல் சிறிதளவு நீரே மீண்டும் மீண்டும் சுழன்று எஞ்சினைக் குளிர்விக்கலாயிற்று.

"ஊசி கொண்டு குழாயைத் திறந்தாரா, தாத்தா?" என்று பேத்தி வியந்து கேட்டாள்.

"ஆம், கண்ணு. வேறொருவர் வந்து செய்வார் என்று அவர் வழியில் உட்கார்ந்திருக்கவில்லை" என்றார் முதியவர்.

எஞ்சின் ஆறியபின், ரேடியேட்டரில் நீர் நிரப்பி, அவர்கள் ஏற்காடு செல்லாமலே மெல்ல இறங்கி வீடு சேர்ந்தனர். "இனி இதனை விற்றுவிடலாம், அப்பா, முதுமை வந்துவிட்டது" என்றார் முதியவரின் மகன். "பழுது எதுவென்று அறியாமல் பழியை முதுமையின்மேல் போடாதே" என்றார் தந்தை. அச்சொல் காரைப் பற்றியது மட்டுமன்று என்பதை அவ்வீட்டார் உணர்ந்து பேசாதிருந்தனர். வேறொரு கவலையும் அவர்களுக்கு இருந்தது. பாட்டியின் கண் அறுவைக்கு இன்னும் பத்து நாட்களே இருந்தன. முன்பு அவருடைய ஒரு கண்ணுக்கு மருத்துவம் செய்தவர் கோவையில் இருந்தார். 160 கிலோமீட்டர் தொலைவு. இடுப்பு வலியால் வருந்திய பாட்டிக்கு அம்பாசிடரின் அகன்ற பின்னிருக்கையே படுத்தும் சாய்ந்தும் செல்ல ஏற்றதாய் இருந்தது. ஆதலின் கார் பிழைக்க வேண்டும்; அதுவும் பத்து நாட்களுக்குள் பிழைக்க வேண்டும்.

மறுநாட் காலையில், எஞ்சின் குளிர்ந்திருந்த வேளையில், தாத்தாவும் பேத்தியும் பானட்டைத் திறந்து நின்றனர். பேத்தி கையில் குறிப்பேடு ஒன்று வைத்திருந்தாள். முதற்கண் முதியவர் எஞ்சினின் வெம்மை எவ்வாறு வெளியேறுகின்றது என்பதை விளக்கினார்.

எஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும்போது உண்டாகும் வாயுவின் வெப்பம் 2,000 பாகையையும் கடக்கும். அங்கே மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது. அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடும். பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு போகின்றது. ஏறத்தாழ அவ்வளவே குளிர்விக்கும் நீரின் வழியே போகின்றது. எஞ்சிய பங்கே சக்கரத்தை உருட்டுகின்றது. நீரின் வழியே போகும் அப்பங்கு போகாது நின்றால், சில நிமிடங்களில் எஞ்சின் இறுகி நின்றுவிடும். அவ்வெம்மையைச் சுமக்கும் நீரை வாட்டர் பம்ப் உந்துகின்றது. எஞ்சினின் அறைகளைச் சுற்றி வந்த நீர், மேல் ஓஸ் பைப்பின் வழியே ரேடியேட்டரின் தலைக்குச் செல்கின்றது. அங்கிருந்து மெல்லிய குழாய்களில் இறங்கும்போது காற்றால் குளிர்கின்றது. கீழ் ஓஸ் பைப்பின் வழியே மீண்டும் பம்பை அடைகின்றது. பம்பையும் விசிறியையும், மின்சாரம் ஊட்டும் டைனமோவையும் ஒரே ஃபேன் பெல்ட் சுழற்றுகின்றது. நீரின் வழியில் காவலாளி போல நிற்கும் உறுப்பே தெர்மோஸ்டாட். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது நீர் செல்லும் கதவை அடைத்திருக்கும். போதிய சூடு ஏறியதும் திறந்துவிடும்.

பின்னர் இருவரும் பழுதுகளைத் தேடினர். பம்பின் அடிப்புறத்தில் சிறு துளை ஒன்று உண்டு. பம்பின் உள்ளே நீரைத் தடுக்கும் சீல் தேய்ந்துவிட்டால் அத்துளை வழியே நீர் கசியும். பழுது நேர்ந்ததை அறிவிப்பதற்கென்றே வைத்த துளை அது. அதன் கீழே துருநிறத்தில் கசிவின் கோடு ஒன்று படிந்திருந்தது. "முதற் பழுது" என்று பேத்தி எழுதினாள். ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்தினாள். ஓரங்குலத்துக்கு மேல் தொய்ந்தது. அரை அங்குலம் தொய்வதே முறை. அது இரண்டாம் பழுது. ஓஸ் பைப்பு வெளியே நன்றாகத் தோன்றியது. ஆயின் அழுத்தியபோது உள்ளே நொறுநொறு என்னும் ஒலி கேட்டது. வெளித்தோற்றம் கெடாமலே உள்ளிருந்து கெடுவது ரப்பரின் இயல்பு. அது மூன்றாம் பழுது. ரேடியேட்டருக்குள் எட்டிப் பார்த்தபோது, பல ஆண்டுகளாக ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றியதால், குழாய்களின் வாயில் வெண்மையான உப்புப் படிவம் கண்டது. பாட்டி வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் படிவதும் அதுவே. வெம்மையை எளிதில் கடத்தாத அப்படிவம் நீருக்கும் உலோகத்துக்கும் இடையே சுவர் போல் நின்றது. அது நான்காம் பழுது.

இறுதியில் முதியவர் தெர்மோஸ்டாட் உறையின் மூன்று நட்டுகளையும் கழற்றி மூடியை எடுத்தார். உள்ளே ஒன்றும் இல்லை. "முன்னொரு காலத்தில் பட்டறைக்காரன் ஒருவன் இதனைப் பிடுங்கி எறிந்துவிட்டான். வெயில் ஊருக்கு இது எதற்கு என்பது அவர்கள் எண்ணம்" என்று வெறுப்போடு கூறினார். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் காலையில் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும். பெட்ரோலை மிகுதியாக உண்ணும். உறுப்புகளும் விரைந்து தேயும். மிகை வெம்மை போலவே குறை வெம்மையும் கேடே என்பதைப் பேத்தி அன்று அறிந்தாள்.

ரேடியேட்டரைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பினர். பித்தளையும் செம்பும் கொண்டு செய்த அதனைத் திறந்து, படிவம் நீக்கி, மீண்டும் பற்றவைப்பது வீட்டில் ஆகாத வேலை. தம்மால் இயல்வது எது, இயலாதது எது எனப் பகுத்தறிவதும் கைத்திறனின் ஒரு கூறே. புதிய பம்பு, தெர்மோஸ்டாட், பெல்ட், இரண்டு ஓஸ் பைப்புகள், கேஸ்கட்டுகள், நான்கு கிளிப்புகள் ஆகியவற்றைப் பேத்தி தன் கையாலேயே பட்டியல் எழுதி, பழைய கார்களின் உதிரி உறுப்புகள் விற்கும் கடையில் வாங்கி வந்தாள்.

புதிய தெர்மோஸ்டாட்டை அப்படியே பொருத்திவிட முதியவர் உடன்படவில்லை. "புதியது என்பதனால் நல்லது ஆகிவிடாது" என்றார். பழைய பாத்திரம் ஒன்றில் நீர் நிரப்பி அடுப்பில் ஏற்றினர். தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டிப் பாத்திரத்தின் அடியில் படாதவாறு தொங்கவிட்டனர். அருகே வெப்பமானி ஒன்றையும் தொங்கவிட்டனர். "இன்று காருக்கு உலை வைத்தாயிற்றா?" என்று பாட்டி நகைத்தார். நீரின் வெப்பம் 60 பாகை, 70 பாகை என ஏறியது, தெர்மோஸ்டாட் அசையவில்லை. 80 பாகையைக் கடந்து சற்று நேரத்தில் அதன் நடுவில் இருந்த தட்டு மெல்ல நகர்ந்து வழி விட்டது. அதன்மேல் பொறித்திருந்த எண் 82. பேத்தி கை கொட்டி மகிழ்ந்தாள். மின்சாரமோ மனிதக் கையோ இன்றி அது திறந்தது எங்ஙனம்? அதனுள் மெழுகு அடைத்த சிறு கிண்ணம் உள்ளது. சூட்டில் உருகும் மெழுகு விரிந்து, ஒரு கோலைத் தள்ளிக் கதவைத் திறக்கின்றது. ஆறியதும் சுருங்க, சுருள்வில் கதவை மூடுகின்றது.

ரேடியேட்டர் திரும்பி வந்த நாள் வேலை தொடங்கியது. அது பயணத்துக்கு முந்திய நாள். முதியவர் முதலில் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றினார். எஞ்சினில் எஞ்சியிருந்த துருநீரை அடித்திருகு திறந்து தொட்டியில் பிடித்தனர். டைனமோவின் போல்ட்டைத் தளர்த்திப் பெல்ட்டை எடுத்தனர், விசிறியைக் கழற்றினர், பம்பைப் பிடித்திருந்த நான்கு போல்ட்டுகளையும் கழற்றினர். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் பேத்தி ஓர் அட்டையில் அதனதன் இடத்தைக் குறித்துக் குத்தி வைத்தாள். பழைய கேஸ்கட்டின் துணுக்குகள் உலோகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றைச் சுரண்டி எடுக்கவே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஒரு துணுக்கு எஞ்சினாலும் அவ்விடத்தில் நீர் கசியும். ஆழமாகச் சுரண்டினாலோ உலோகத்தில் கீறல் விழும். "கழற்றுவது ஒரு பங்கு வேலை; துடைப்பது இரண்டு பங்கு வேலை" என்றார் முதியவர்.

புதிய பம்பு ஏறியது. போல்ட்டுகளை ஒரே மூச்சில் இறுக்காமல், குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாக இறுக்கினர். தெர்மோஸ்டாட் தன் இடத்தில் அமர்ந்தது. பிற்பகலில் முதியவருக்கு மூட்டுவலி கண்டது. ஓஸ் பைப்புகளை மாட்டிக் கிளிப்புகளை முறுக்கும் பணியைப் பேத்தியிடம் விட்டு அவர் சற்றுப் படுத்தார். போகும்போது, "இறுக்குவதிலும் அளவு உண்டு, கண்ணு, நீர் கசியாத அளவே போதும்" என்று சொல்லிச் சென்றார்.

பேத்தி மூன்று கிளிப்புகளை முறையாகவே இறுக்கினாள். நான்காவது, கீழ் ஓஸ் பைப்பு எஞ்சினோடு சேரும் இடத்தில், கண்ணுக்கு எட்டாத மறைவில் இருந்தது. கசிந்துவிடுமோ என்ற ஐயத்தால் அவள் மேலும் மேலும் முறுக்கினாள். மெல்லிய தகட்டின் மரை கழன்று, திருகு வீணே சுழன்றது. அவள் நெஞ்சு துணுக்குற்றது. கடை அடைத்திருக்கும் நேரம், விடிந்தால் பயணம், சொன்னால் தாத்தா சினப்பார். குப்பையில் கிடந்த பழைய கிளிப்பு அவள் கண்ணில் பட்டது. துரு ஏறியிருந்தாலும் அது இறுகியது. அதனை மாட்டிவிட்டு, கழன்ற புதிய கிளிப்பைத் துணிக்குள் சுற்றி மறைத்தாள்.

மாலையில் முதியவர் வந்து, காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் சமபங்காகக் கலந்த கலவையை ரேடியேட்டரில் மெல்ல ஊற்றினார். உறைபனி இல்லாத நம் நாட்டிலும் கூலண்டு வேண்டப்படுவது துருவையும் படிவத்தையும் தடுப்பதற்கே. அது கொதிநிலையையும் சில பாகை உயர்த்துகின்றது. ஆயினும் அதில் உள்ள எதிலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை உடைய கொடிய நஞ்சு. சிந்திய சில துளிகளை நக்கத் தெருநாய் ஒன்று வந்தது. முதியவர் அதனை விரட்டி, அவ்விடத்தை நிறைய நீர் விட்டுக் கழுவினார். எஞ்சிய கூலண்டைக் குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துப் பூட்டினார். பின்னர், மூடியைத் திறந்த நிலையிலேயே குளிர்ந்த எஞ்சினை ஓடவிட்டனர். உள்ளே அகப்பட்ட காற்று குமிழ் குமிழாய் வெளியேறியது. நீர்மட்டம் இறங்க இறங்கக் கலவை ஊற்றினர். குமிழ்கள் அடங்கியதும் மூடியை இட்டனர். முள் நடுவில் வந்து அசையாது நின்றது. எங்கும் ஒரு சொட்டும் கசியவில்லை. "இனி இவள் கையில் காரை ஒப்படைக்கலாம்" என்று முதியவர் வீட்டார் அனைவரும் கேட்கச் சொன்னார்.

அப்புகழுரை பேத்தியைச் சுட்டது. அன்றிரவு அவளுக்கு உறக்கம் வரவில்லை. கண்ணை மூடினால், கண்ணில் கட்டுடன் பாட்டி பின்னிருக்கையில் சாய்ந்திருப்பதும், நெடுஞ்சாலையில் ஆவி எழுவதும் தோன்றின. கசியவில்லை என்பது உண்மையே; எவரும் அறியமாட்டார் என்பதும் உண்மையே. ஆயினும் அவள் அறிவாள். இரவு பதினொரு மணிக்கு அவள் தாத்தாவின் கட்டிலருகே சென்று, துணியில் சுற்றிய கிளிப்பை அவர் கையில் வைத்து, நிகழ்ந்ததை எல்லாம் சொல்லித் தலை குனிந்து நின்றாள்.

முதியவர் நெடுநேரம் அக்கிளிப்பையே நோக்கினார். அவள் எதிர்பார்த்த இடி எழவில்லை. "அந்த தெர்மோஸ்டாட்டைப் பட்டறைக்காரன் எறிந்தான் என்று சொன்னேன் அல்லவா? அவன் எறியவில்லை, கண்ணு. பழையது கெட்டிருந்தது, புதியது வர நான்கு நாளாகும் என்றான். எனக்குப் பொறுமை இல்லை. அது இல்லாமலே மூடிக் கொடு என்று கத்தினேன். அவன் வேண்டாம் என்றுதான் சொன்னான். பதினைந்து ஆண்டுகளாகப் பழியை அவன்மேல் போட்டு வருகிறேன். நீ ஆறு மணி நேரத்தில் சொல்லிவிட்டாய்" என்றார்.

பின்னர் எழுந்து டார்ச்சு விளக்கை எடுத்தார். காரின் கருவிப் பெட்டியிலிருந்து புதிய கிளிப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நில அளவைக்குச் செல்லும் நாள்களில், வேண்டிய முளைகளுக்கு மேல் ஒன்றைக் கூடுதலாக எடுத்துச் செல்வது அவர் வழக்கம். அவ்வழக்கம் அன்று உதவியது. முற்றும் பிரித்து மீண்டும் மாட்டத்தக்க வகைக் கிளிப்பு ஆதலின் குழாயைக் கழற்ற வேண்டியதில்லை. ஆறிய எஞ்சினின் கீழ்ப் பேத்தி கையை நுழைத்தாள். முதியவர் விளக்கைப் பிடித்தார். அவள் அளவோடு இறுக்கி நிறுத்தினாள். கழற்றிய பழைய கிளிப்பை வெளிச்சத்தில் பார்த்தபோது, அதன் தகட்டில் பாதி அகலத்தைத் துரு தின்றிருந்தது. அது மறுநாளே அறுந்திருக்குமோ, ஒரு திங்கள் கழித்து அறுந்திருக்குமோ, ஒருக்கால் அறுபடாமலே இருந்திருக்குமோ, எவரும் சொல்ல இயலாது. சொல்ல இயலாத ஒன்றின்மேல் பாட்டியை ஏற்றிச் செல்ல இருவர்க்கும் மனம் இல்லை.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கார் புறப்பட்டது. பேத்தி முன்னிருக்கையில் அமர்ந்து, வழி முழுவதும் வெப்பம் காட்டும் முள்ளையே நோக்கி வந்தாள். அது நடுவை விட்டு நகரவில்லை. பாட்டியின் கண் அறுவை நன்கு முடிந்தது. திரும்பி வந்த மறுவாரம் முதியவர் பழைய பட்டறையைத் தேடிச் சென்றார். அங்கே அவர் என்ன பேசினார் என்பதை வீட்டில் எவரிடமும் சொல்லவில்லை. அன்று மாலை அவர் குரல் தணிந்திருந்ததை மட்டும் பேத்தி கண்டாள்.

உறுப்புகளை மாற்றுவது அரிய வேலையன்று. ஸ்பானரும் பொறுமையும் உடையவர் எவரும் கற்கலாம். தாம் செய்த வேலையில் மறைந்து கிடக்கும் குறையைத் தாமே எடுத்துச் சொல்வதே அரிது. ரேடியேட்டர் மூடியைப் போல நெஞ்சின் மூடியையும் திறக்க வேண்டிய காலம் உண்டு. சினத்தின் கொதிப்பில் திறந்தால் அது பிறரைச் சுடும், ஆறியபின் திறந்தால் உள்ளே என்ன குறைந்துள்ளது என்பது தெரியும், தெரிந்தால் நிரப்பிவிடலாம்.